ஊர் சிறியது என்பதா காரணம்? விளையாட்டு அணிகளின் ஆயுளைக் கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் தொழில்முறைக் காற்பந்து லீக்கான எஸ்-லீக் 1996இல் எட்டு அணிகளுடன் தொடங்கியது. அவற்றுள் செம்பவாங் ரேஞ்சர்ஸ் 2003ஆம் ஆண்டோடு முடிந்தது. உட்லண்ட்ஸ் வெலிங்டன் 2014க்குப் பிறகு ஆடவில்லை. ஆயுதப்படை அணி வாரியர்ஸ் என்று பெயர் மாறி, 2020இல் நிதிச் சிக்கலால் ஒதுங்கிக்கொண்டது. தியோங் பாரு யுனைடெட், தஞ்சோங் பகார் யுனைடெட்டாக மாறி, இரண்டு முறை கடையை மூடி இரண்டு முறை திறந்தது. பாலஸ்டியர் சென்ட்ரல், கிளமெண்டி கால்சாவுடன் இணைந்து பாலஸ்டியர் கால்சாவாகத் தப்பித்தது. காவல்துறை அணி ஹோம் யுனைடெட்டாகி, இன்று லயன் சிட்டி செய்லர்ஸ் ஆகியிருக்கிறது. கேலாங்கும் தெம்பனிசும் மட்டும் பெரிய உடைப்பில்லாமல் வந்து சேர்ந்திருக்கின்றன. அவையும் வீடு மாறி மாறித்தான் வந்தன.

ஏன் இப்படி என்று காப்பிக்கடையில் கேட்டால் பதில்கள் தயாராக இருக்கும். ஊர் சிறியது, ரசிகர்கள் வருவதில்லை, பேசாமல் 1994 வரை ஆடிய மலேசியப் போட்டிகளுக்கே திரும்பிப் போயிருக்கலாம். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு, கொஞ்சம்தான். ஓர் அணி எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்பதோடு நிறுத்திக்கொண்டால் கணக்கு தவறும். அந்த ஊரில் அதற்கென்று என்ன இருக்கிறது, நட்டம் வந்தால் யார் தாங்குவார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பேச்சில் திரும்பத் திரும்ப வரும் தவறுகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுவதால் வருபவை.

தலைகளை எண்ணிச் சந்தையை அளப்பது

சிங்கப்பூரில் அறுபது லட்சம் பேர் இருக்கிறார்கள், எட்டு அணிகளைத் தாங்க முடியாதா என்று சிலர் கேட்பார்கள். அறுபது லட்சம்தானே, ஓர் அணியைக்கூடத் தாங்காது என்று வேறு சிலர் சொல்வார்கள். எண் ஒன்றுதான், முடிவுகள் நேரெதிர். அளவுகோல் பிழை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அமெரிக்காவின் கிரீன் பே நகரில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வாழ்கிறார்கள். நம் தெம்பனிஸ் வட்டாரத்தில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனாலும் என்எஃப்எல் என்ற அமெரிக்கக் காற்பந்து லீக்கில் ஆடும் கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கு எண்பதாயிரம் பேருக்கு மேல் அமரும் அரங்கம் இருக்கிறது. 1923 முதல் அது ஊர் மக்களே பங்கு வைத்திருக்கும் அணி. அதைவிட முக்கியம், அந்த லீக்கின் தேசியத் தொலைக்காட்சி வருமானம் எல்லா அணிகளுக்கும் சமமாகப் பிரிகிறது. சிற்றூர் அணிக்கும் நியூயார்க் அணிக்கும் அந்தக் கணக்கில் ஒரே பங்கு. இதே லீக்கில், அமெரிக்காவின் இரண்டாவது பெரிய நகரமான லாஸ் ஏஞ்சலிஸ் 1995 முதல் 2015 வரை ஓர் அணிகூட இல்லாமல் இருந்தது. அந்த வெற்றிடம் மற்ற ஊர் உரிமையாளர்களுக்கு வசதியாகவே இருந்தது. புது அரங்கம் கட்டித் தராவிட்டால் லாஸ் ஏஞ்சலிசுக்குப் போய்விடுவோம் என்று மிரட்டலாம் அல்லவா? பனி ஹாக்கியில் அட்லாண்டா மாநகரம் இரண்டு அணிகளை இழந்திருக்கிறது: ஒன்று 1980இல் கால்கரிக்குப் போனது, மற்றது 2011இல் வின்னிபெக்குக்கு. இரண்டும் அட்லாண்டாவைவிடச் சிறிய கனடிய நகரங்கள்.

நமக்கு நெருக்கமான சான்று ஐபிஎல். 2008 ஏலத்தில் ஆகக் குறைந்த விலைக்கு, 67 மில்லியன் அமெரிக்க டாலருக்குப் போனது ஜெய்ப்பூரைத் தளமாகக் கொண்ட ராஜஸ்தான் அணி. அது இன்றும் ஆடுகிறது. 2010இல் புனே 370 மில்லியனுக்கும் கொச்சி 333 மில்லியனுக்கும் விற்கப்பட்டன. கொச்சி ஒரே பருவத்தில் போனது. புனே வாரியர்ஸ் 2013ஐத் தாண்டவில்லை. இரண்டையும் சாய்த்தது வங்கி உத்தரவாதத் தொகையைப் பற்றிய தகராறு. அரங்கம் காலியாக இருந்ததால் அல்ல.

பெயரில் இருக்கும் ஊரை நம்புவது

சிங்கப்பூருக்கென்றே உரிய தவறு இது. அணியின் பெயரில் ஒரு வட்டாரம் இருந்தால், அந்த வட்டாரம் அதன் சந்தை என்று எடுத்துக்கொள்கிறோம்.

கேலாங் அணி பல காலம் ஆடியது பிடோக் விளையாட்டரங்கத்தில். இப்போது ஆடுவது நம் தெம்பனிஸ் நடுவத்தில், தெம்பனிஸ் ரோவர்சோடு ஒரே திடலைப் பகிர்ந்துகொண்டு. தஞ்சோங் பகார் யுனைடெட் 2020இல் திரும்பி வந்தபோது அதற்குக் கிடைத்தது ஜூரோங் ஈஸ்ட். தெம்பனிசின் கதையோ இன்னும் விசித்திரம். பழைய தெம்பனிஸ் அரங்கம் மறுசீரமைப்புக்காக மூடப்பட்டதும், அணி முதலில் கிளமெண்டிக்கும் பிறகு ஜூரோங் வெஸ்ட்டுக்கும் போனது. தீவின் கிழக்கு முனையில் குடியிருக்கும் ரசிகர், தன் ‘சொந்த மண்’ ஆட்டத்தைப் பார்க்க மேற்கு முனைக்கு எம்ஆர்டி ரயில் ஏற வேண்டியிருந்தது. 2017இல்தான் அணி வீடு திரும்பியது.

ஜூரோங் என்ன வெளிநாடா, ஒரு மணி நேரம்தானே என்று சொல்பவர்கள் உண்டு. தொலைவு இங்கே பெரிய சிக்கல் இல்லை என்பது சரிதான். ஆனால் வட்டார அணியை வளர்ப்பது அந்த ஒரு மணி நேரம் இல்லாமல் இருப்பதுதான். வேலை முடிந்து வந்து, சட்டை மாற்றிக்கொண்டு, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, புளோக்கின் கீழே இறங்கி நடந்து போய்ப் பார்க்கிற ஆட்டம் ஒன்று. திட்டமிட்டுப் பயணம் செய்து பார்க்கிற ஆட்டம் வேறொன்று. இரண்டாவது வகைக்கு நாம் இறங்கிவிட்டால் தெம்பனிஸ் ரோவர்சின் போட்டியாளர் ஹவ்காங் அணி அல்ல. வீட்டுத் தொலைக்காட்சியில் வரும் லிவர்பூலும் ஆர்சனலும். சிங்கப்பூர் நேரப்படி சனிக்கிழமை இரவு ஏழரைக்கோ எட்டரைக்கோ இங்கிலாந்தில் முதல் ஆட்டம் தொடங்கிவிடுகிறது.

இதன் அடியில் இருக்கும் உண்மை எளிது. நம் அணிகள் திடலின் சொந்தக்காரர்கள் அல்ல, குடியிருப்பவர்கள். அரங்கங்கள் அரசாங்க விளையாட்டு அமைப்பான ஸ்போர்ட் சிங்கப்பூரின் பொறுப்பில் உள்ளவை. அவற்றின் ஓட்டப்பாதையில் காலையில் முதியவர்கள் நடக்கிறார்கள், பகலில் பள்ளிகள் போட்டி நடத்துகின்றன. அதில் எந்தக் குறையும் இல்லை. பொது நிலம் அப்படித்தான் பயன்பட வேண்டும். ஆனால் வாடகைக்கு இருப்பவர் சுவரில் ஆணி அடிக்கத் தயங்குவதைப்போல, அடுத்த பருவத்தில் எங்கே ஆடுவோம் என்று தெரியாத அணி, வட்டாரத்தில் பத்து ஆண்டுத் திட்டம் எதையும் போடாது.

மாறாக நடந்த கதையும் ஒன்று இருக்கிறது. மரீன் காசல் யுனைடெட் என்று தொடங்கிய அணி, செங்காங் மரீன் ஆகி, செங்காங் பொங்கோல் ஆகி, ஒரு கட்டத்தில் செங்காங், பொங்கோல் பெயர்களைச் சுமந்துகொண்டு ஹவ்காங் அரங்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. 2011இல் ஹவ்காங் யுனைடெட் என்று பெயரை மாற்றினார்கள். அதாவது, ஊரை மாற்றாமல் பெயரை ஊருக்குப் பொருத்தினார்கள். ‘ஹவ்காங் ஹூல்ஸ்’ என்ற ஆரவாரமான ரசிகர் குழு அதன் பின் எழுந்ததுதான். பெயர் மாற்றம் மட்டுமே அதைச் செய்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அணி, பெயர், திடல் மூன்றும் ஒரே அஞ்சல் முகவரியில் இருப்பது அரிதான இந்த ஊரில், அது வீண்போகவில்லை.

பழைய காலாங் கூட்டத்தைக் காட்டிக் கணக்குப் போடுவது

மலேசியக் கிண்ணக் காலத்தில் காலாங்கில் இருந்த தேசிய அரங்கம் நிரம்பி வழிந்தது, இன்று ஏன் ஆயிரம் பேர்கூட வருவதில்லை என்ற புலம்பலைக் கேட்காத சிங்கப்பூரர் இல்லை. கிண்ணத்தை 24 முறை வென்ற பெருமை பெரியதுதான். 1977இல் பினாங்கை 3-2 என்று வென்றதையும் 1994இல் ஷா ஆலமில் பகாங்கை 4-0 என்று சாய்த்ததையும் அப்பாமார்கள் இன்னும் நிமிடக் கணக்கில் சொல்வார்கள்.

ஆனால் அந்தக் கூட்டம் யாருடையது? அது ஒரு வட்டாரச் சங்கத்தின் கூட்டம் அல்ல. ஒரு நாடு முழுவதும் ஒரே அணியின் பின் நின்று, எல்லைக்கு அப்பால் இருக்கும் பழைய பங்காளியோடு மோதியபோது கூடிய கூட்டம். அதை எட்டால் வகுத்து, கேலாங்குக்கு இவ்வளவு, செம்பவாங்குக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்க முடியாது. செம்பவாங்குக்கும் கேலாங்குக்கும் தீர்க்க வேண்டிய பழைய பகை எதுவும் இல்லை. இரண்டு வட்டாரங்களிலும் ஒரே மாதிரி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள், ஒரே மாதிரி உணவங்காடி நிலையங்கள். வட்டாரம் மாறிக் குடிபோனால் ஐந்து ஆண்டில் பழைய வட்டாரம் மறந்துவிடுகிறது. போட்டி உணர்வும் சந்தையின் ஒரு பகுதி. அதைக் கட்டடம் கட்டி உண்டாக்க முடியாது.

அப்படியானால் மலேசியாவுக்கே திரும்பியிருக்கலாமே? திரும்பினோம். 2012இல் லயன்ஸ்-12 அணி மலேசிய சூப்பர் லீக்கில் சேர்ந்தது. வி. சுந்தரமூர்த்தியின் பயிற்சியில் 2013இல் லீக்கை வென்றது. 2015இல் மலேசிய எஃப்ஏ கிண்ணத்தையும் வென்றது. அதே ஆண்டின் இறுதியில் அந்த அணியே இல்லாமல் போனது. இரண்டு நாட்டுக் காற்பந்துச் சங்கங்களுக்கும் இடையிலான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, அவ்வளவுதான். அது ஆடிய ஜாலான் புசார் அரங்கம் நிரம்பியதா இல்லையா என்பது அந்த முடிவில் ஒரு பொருட்டே அல்ல. 1994க்குப் பிறகு நாம் வெளியேறியதிலும் நுழைவுச்சீட்டு வருமானத்தைப் பங்கிடும் தகராறு இருந்தது. பிறர் வீட்டுப் பந்தியில் உட்காரும் அணிக்கு எத்தனை கிண்ணம் இருந்தாலும், இலை யார் கையில் என்பதுதான் கேள்வி.

இது நமக்கு மட்டும் நேர்வதில்லை. நம் லீக்கில் விருந்தாளியாக இருந்த புருணையின் டிபிஎம்எம் 2009இல் லீக் கிண்ணத்தை வென்ற அதே ஆண்டில், புருணைச் சங்கத்தை ஃபிஃபா இடைநீக்கம் செய்ததால் பாதியிலேயே வெளியேற வேண்டியதாயிற்று. பிறகு திரும்பி வந்து, 2015இலும் 2019இலும் பட்டம் வென்று, 2025இல் மலேசிய லீக்குக்குப் போய்விட்டது.

வழிச்செலவை மறப்பது

கூடைப்பந்தில் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் எங்கிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஆஸ்திரேலியத் தலைநகரில் கான்பரா கேனன்ஸ் என்று இருந்த அணி, 2003இல் நியூகாசில் பக்கம் போய் ஹன்டர் பைரேட்ஸ் ஆனது. 2006இல் சிங்கப்பூருக்கு வந்து ஸ்லிங்கர்ஸ் ஆனது. ஆடியது ஆஸ்திரேலிய லீக்கிலேயே. ஒவ்வொரு வெளியூர் ஆட்டத்துக்கும் ஐந்து மணி நேரமோ எட்டு மணி நேரமோ விமானத்தில் போக வேண்டும். இரண்டு பருவங்களில் அது முடிந்தது. அதே பெயர், அதே ஊர், அதே கூடைப்பந்து ஆர்வலர்கள். 2009இல் ஆசியான் கூடைப்பந்து லீக்குக்கு மாறியதும் அணி நிலைத்து நின்று மூன்று முறை இறுதிச் சுற்றையும் தொட்டது. சந்தை மாறவில்லை, வரைபடம் சுருங்கியது. பிறகு கொவிட் வந்து அந்த லீக்கே நின்றுபோனது வேறு கதை.

கிண்ணம் வந்தால் ஆயுள் வரும் என்று நம்புவது

வாரியர்ஸ் ஒன்பது லீக் பட்டங்கள் வென்ற அணி. பிரெஞ்சு ஆட்டக்காரர்களோடு வந்த எட்வால் எஃப்சி 2010இல் முதல் முயற்சியிலேயே பட்டம் வென்று, அடுத்த ஆண்டோடு போய்விட்டது. ஹைதராபாத் டெக்கான் சார்ஜர்ஸ் 2009இல் ஐபிஎல் வென்றது. 2012இல் அதன் உரிமை ரத்தானது. இதற்கு மேல் நீட்ட ஒன்றும் இல்லை.

நீட்ட வேண்டியது அல்பிரெக்ஸ் நீகாதாவைப் பற்றித்தான். 2004 முதல் ஜப்பானிய ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு ஜூரோங் ஈஸ்டில் ஆடிய அணி அது. வந்து போன வெளிநாட்டு அணிகளின் பட்டியல் நீளம்: சின்சி, ஸ்போர்டிங் ஆஃப்ரிக், லியாவ்னிங், சூப்பர் ரெட்ஸ், எட்வால். அல்பிரெக்ஸ் மட்டும் ஏன் இருபது ஆண்டு தாக்குப்பிடித்து, 2024இல் உள்ளூர் அணியாகவே ஏற்கப்பட்டது? பட்டங்கள் வரிசையாக வந்தது 2016 முதல்தான்; அதற்கு முன்பே பன்னிரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. ஜூரோங் ரசிகர்கள் கொட்டிக் கொடுத்ததும் இல்லை. கல்லூரி முடித்து, ஜப்பானில் இடம் கிடைக்காத இளம் ஆட்டக்காரர்களுக்குத் தொழில்முறை வாய்ப்பு தரும் படிக்கட்டாக அது இருந்தது. ஆட்டம் இங்கே, தேவை அங்கே. அணியின் சந்தை அது ஆடும் ஊரில்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை அது ஓசையின்றிப் பொய்யாக்கியது.

உள்ளூர் அணிகளுக்கும் இப்படி மறைந்திருந்த ஒரு சந்தை உண்டு. பல சங்கங்களை நீண்ட காலம் நடத்திச் சென்றது நுழைவுச்சீட்டு அல்ல, சங்க வளாகங்களில் இருந்த ஜாக்பாட் இயந்திரங்கள். திடலில் உட்கார்ந்தவர்களைவிட இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவர்களே பண வகையில் முக்கியம் என்றால், ரசிகரைக் கவர யார் மெனக்கெடுவார்கள்? 2017இல் அரசாங்கம் அந்த இயந்திரங்களுக்கான விதிகளைக் கடுமையாக்கியபோது, ஆட்டத்துக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு விதி அணிகளின் வரவுசெலவைத் தொட்டது. அணியின் நிலைத்தன்மையைக் கணிக்க விரும்புபவர் புள்ளிப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன், பணம் எந்த வாசல் வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டும்.

ரசிகர்களைக் குறைசொல்வது இந்த ஊரின் பொழுதுபோக்கு. 2018இல் காவிரிப் போராட்டத்தால் சென்னை சூப்பர் கிங்சின் சொந்த ஊர் ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டபோது, ரசிகர்கள் மஞ்சள் சட்டையோடு ரயிலேறிப் போனார்கள். நம் ஆட்கள் அப்படிப் போவார்களா என்று கேட்பவர்கள், அந்த ரசிகர்களுக்கு அதற்கு முன் பல பருவங்கள் சேப்பாக்கம் இருந்தது என்பதை விட்டுவிடுகிறார்கள். இரண்டு ஆண்டு இடைநீக்கத்தையே அந்தப் பிடிப்பு தாங்கியது.

லயன் சிட்டி செய்லர்சைப் பற்றியும் இப்போதே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அதன் உரிமையாளரான சீ என்ற இணையத் தொழில் குழுமத்தின் பணம் இருக்கிறது, இனி கவலை இல்லை என்று ஒரு தரப்பு. பணக்காரருக்கு அலுத்துப்போனால் தீர்ந்தது என்று மறுதரப்பு. 2025 மே மாதம் பீஷானில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் 2 இறுதி ஆட்டம் நடந்தபோது, கூடுதல் இருக்கைகள் போட்டும் அரங்கம் நிறைந்தது. ஷார்ஜாவிடம் 1-2 என்று தோற்றது வேறு விஷயம். ஆகவே இங்கே கூட்டம் இல்லை என்ற வாதம் நிற்காது. அந்த உரிமையாளர் மட்டார் ரோட்டில் ஒரு பயிற்சி மையத்தையும் கட்டியிருக்கிறார். மாதச் சம்பளத்துக்குப் போகும் பணம் அடுத்த மாதமே நிற்கலாம். கட்டடமாகவும் இளையர் பயிற்சியாகவும் மாறிய பணம், உரிமையாளர் போனாலும் ஓரளவு தங்கும். செய்லர்ஸ் எவ்வளவு காலம் நிலைக்கும் என்று கேட்டால், இந்த இரண்டு வகைப் பணத்தில் எது எவ்வளவு என்பதைத்தான் நான் பார்ப்பேன்.