கவசத்தில் அழுக்கு ஒட்டாத கதை

வேஷத்துக்காக ஈவா ஃபோமில் (மெத்தென்ற ரப்பர் மாதிரி ஷீட்) செய்த மார்புக்கவசத்துக்கு வெள்ளி பெயின்ட் அடித்தாயிற்று. பழைய கவசம்போல அழுக்கேறித் தெரியக் கறுப்பு அக்ரிலிக் பெயின்ட்டை நீர்க்கக் கரைத்துப் பூசினால், டீ கொட்டிய மேஜை மாதிரி நடுவில் திட்டுத் திட்டாக நின்றது. இன்னும் தண்ணீர் விட்டேன். முத்து முத்தாக உருண்டது. பிரஷ் மாற்றினேன், ஸ்பாஞ்ச் வாங்கினேன். மூன்று நாள் போனது.

வெள்ளிப் பூச்சின் வழவழப்பில் எதுவும் பிடிக்கவில்லை. மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஒரு கோட் அடித்து, ஒரு நாள் காயவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது: இத்தனை நாளும் கவசத்தைப் படுக்கவைத்தே பூசியிருக்கிறேன்! சட்டை ஹேங்கரில் தொங்கவிட்டு, கறுப்போடு பழுப்பும் கலந்து பூசி, அரைகுறையாகக் காய்ந்ததும் ஈரத்துணியால் மேலிருந்து கீழாக மட்டும் துடைத்தேன். ஆணித்தலைகளுக்குக் கீழே மழைநீர் வழிந்த கோடு தானாக விழுந்தது. அப்பாடா! விளிம்புகளில் காய்ந்த பிரஷால் கொஞ்சம் வெள்ளி தொட்டதோடு சரி.