ஃபிளாட்பேக் செயலிக்கு ஒரு ஃபோல்டரை மட்டும் திறந்துவிடுங்கள்

லினக்ஸில் ஃபிளாட்பேக் என்ற செயலி நிறுவும் முறை வழியாக வந்த செயலி உங்கள் கோப்புகளைப் பார்க்க மறுத்தால், ஹோம் ஃபோல்டர் முழுவதற்கும் அனுமதி கொடுத்துவிடாதீர்கள். ஃபிளாட்சீல் என்ற கருவியில் அந்தச் செயலியைத் தேர்ந்தெடுத்து, ஃபைல்சிஸ்டம் பகுதியில் தேவையான ஃபோல்டரின் பாதையை மட்டும் சேருங்கள். செயலி படித்தால் போதும், எழுத வேண்டாம் என்றால் பாதையின் முடிவில் முக்காற்புள்ளியும், ஆர், ஓ என்ற இரண்டு சிறிய ஆங்கில எழுத்துகளும் போடுங்கள். முக்கியமான ஆவணங்கள் இருக்கும் இடத்துக்கு இதை அவசியம் செய்யுங்கள். அப்புறம் செயலியை முழுதாக மூடித் திறக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் செயலிக்குப் புது அனுமதி போய்ச் சேராது.

செயலி கோப்புகளைப் பார்க்க மறுப்பதற்குக் காரணம் இதுதான். ஃபிளாட்பேக் செயலியை சாண்ட்பாக்ஸ் என்ற தனி அடைப்புக்குள் வைத்து ஓட்டுகிறது. கோப்பைத் தேர்ந்தெடுக்கும் சன்னல் அதற்கு வெளியே இயங்குகிறது. நீங்கள் காட்டிய அந்த ஒரு கோப்பை மட்டுமே போர்ட்டல் என்ற இடைத்தரகுச் சேவை உள்ளே கொடுக்கிறது. அதனால்தான் வீடியோ ஓடும், பக்கத்திலேயே இருக்கும் சப்டைட்டில் வராது. வலைப்பக்கம் திறக்கும், அதன் படங்கள் காணாமல் போகும். ஃபோல்டருக்கே அனுமதி இருந்தால் துணைக் கோப்புகளும் கிடைத்துவிடும்.

ஒற்றைக் கோப்பைத் திறந்து சேமிப்பதோடு வேலை முடிகிறதா? சரி, அந்தச் சன்னலே போதும், அனுமதி எதுவும் தேவையில்லை. யூஎஸ்ஆர், இடிசி போன்ற கணினியின் அடிப்படை ஃபோல்டர்களுக்கு, ஃபிளாட்சீலில் பாதையைச் சேர்க்கும் வழி உதவாது. செயலிக்குள் அந்தப் பெயர்களில் தெரிபவை சாண்ட்பாக்ஸின் சொந்த ஃபோல்டர்கள்.