பைட் வரிசை: சரிபார்க்கப் போய் நல்ல தரவைக் கெடுக்காதீர்கள்

நம்பை (பைத்தானில் எண்களைக் கையாளும் நூலகம், NumPy) பழகும் இரண்டு பேரின் கோடைச் சமீபத்தில் பார்த்தேன். பல வருடங்களுக்கு முன் நான் எழுதிய அதே தப்பான வரி இரண்டிலும் இருந்தது. கோப்பின் பெயரை மாற்றிக் கொடுப்பது போன்றவை உடனே பிடிபட்டுவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

‘<’ இருக்கிறதா என்று பார்ப்பது

ஓர் எண்ணின் பைட்கள் எந்த வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான் பைட் வரிசை. தரவின் வகையைச் சொல்லும் டிடைப்பில் (dtype) அதைக் காட்ட பைட்ஆர்டர் (byteorder) என்று ஒன்று இருக்கிறது. ‘<’ லிட்டில் எண்டியன் (சிறிய மதிப்புள்ள பைட் முதலில்), ‘>’ பிக் எண்டியன் (பெரிய மதிப்புள்ள பைட் முதலில்). சரி, ‘<’ இல்லையென்றால் பைட்களைத் திருப்பிவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். நம் கணினிகள் பெரும்பாலும் லிட்டில் எண்டியன்தான்; அங்கே நீங்களே ‘<’ போட்டு உருவாக்கிய டிடைப்பைக் கேட்டாலும் ‘=’ என்றுதான் பதில் வரும், அதாவது இந்தக் கணினியின் சொந்த வரிசை. ஆக, ஒழுங்காக இருக்கும் தரவும் ஒவ்வொரு முறையும் திருப்பப்படும், எர்ரர் எதுவும் வராது.

32 பிட் முழு எண்ணாக இருந்தால் 1 என்பது 16777216 ஆகும், கண்ணில் பட்டுவிடும். என்னுடையது 32 பிட் ஃப்ளோட் (தசம எண்), அரை அரை டிகிரியாக ஏறி இறங்கும் வெப்பநிலை. அந்த மாதிரி எண்களைத் திருப்பினால் 10⁻⁴¹ அளவுக்குச் சுருங்கிவிடும், வரைபடத்தில் வெறும் பூஜ்ஜியக் கோடு. சென்சார் போய்விட்டது என்று இரண்டு நாள் வயரைச் சோதித்துக்கொண்டிருந்தோம். அதற்குள் ஸ்கிரிப்ட் சில கோப்புகளில் ஒரு முறையும் சிலவற்றில் இரண்டு முறையும் ஓடி, அதே பெயரில் சேமித்தும் விட்டது. எது எத்தனை முறை திரும்பியது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. என் டெஸ்ட் பாஸ் ஆனதற்குக் காரணம், அதில் பூஜ்ஜியங்களாகவே வைத்திருந்தேன். பூஜ்ஜியத்தை எப்படித் திருப்பினாலும் பூஜ்ஜியம்தான்.

அதற்குப் பதிலாக டிடைப்பின் இஸ்நேட்டிவ் (isnative) என்பதைக் கேளுங்கள், வரிசை இந்தக் கணினியுடையதா என்று அது சொல்லும். பல புலங்கள் சேர்ந்த ஸ்ட்ரக்சர்டு டிடைப்பில் பைட்ஆர்டர் வெறும் ‘|’ என்று சொல்லும், உள்ளே பிக் எண்டியன் புலம் இருந்தாலும். இஸ்நேட்டிவ் அதையும் பார்த்துவிடும். வரிசையை மாற்றத்தான் வேண்டும் என்றால் ஆஸ்டைப் (astype) பயன்படுத்துங்கள், மதிப்பு மாறாது.

பைட்ஸ்வாப்பையும் நியூபைட்ஆர்டரையும் குழப்புவது

முதலாவது பைட்களைத் திருப்பும், டிடைப்பைத் தொடாது. இரண்டாவது டிடைப்பை மட்டும் மாற்றும். நம்பை 2.0 முதல் இரண்டாவது அரேயில் (எண்களின் தொகுப்பில்) கிடையாது, டிடைப்பில்தான்.

கணினியின் வரிசைதான் கோப்பின் வரிசை என்று எடுத்துக்கொள்வது

சம்பந்தமே இல்லை.

கோப்பே சொல்லிவிடும் என்று நம்புவது

அரேயைக் கோப்பாக்கும் டுஃபைல் (tofile) எழுதிய கோப்பில் வெறும் பைட்கள்தான், வரிசை பற்றி ஒரு குறிப்பும் இருக்காது. தெரிந்த எண் ஒன்றைத் தேடுங்கள். எம்னிஸ்ட் (கையால் எழுதிய இலக்கங்களின் படத் தொகுப்பு, MNIST) படக் கோப்பின் முதல் 4 பைட்டில் 2051 இருக்கும். 50855936 வந்தால் தலைகீழாகப் படிக்கிறீர்கள்.