கருவண்டு விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த பம்பிள்பீ தேனீக்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அருகி வருவதைப் பலரும் படித்திருப்பீர்கள். ஓரிகான், கலிபோர்னியா பக்கம் வாழ்ந்த பிராங்ளின் பம்பிள்பீ கடைசியாகக் கண்ணில் பட்டது 2006-ல். பூ நிலங்கள் அழிவது, பூச்சிமருந்து, வளர்ப்புக் கூடுகளிலிருந்து பரவும் நோய், ஏறும் வெப்பம் என்று பல காரணங்கள். அவை குளிர்ப் பிரதேசத்துப் பிராணிகள். நம் நாட்டில் இமயமலைப் பக்கம் உண்டு, செட்டிநாட்டு வெயிலில் கிடையாது. அதனால் நமக்கென்ன என்று இருப்பதுதான் முதல் தவறு. பூவை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும் பம்பிள்பீயின் வேலையை இங்கே செய்வது கருவண்டு, அதாவது மரத்தில் துளை போட்டுக் கூடு கட்டும் தச்சன் தேனீ.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் காலையில் கத்தரிப் பூவைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கருவண்டு வந்து நடுவிலிருக்கும் மஞ்சள் குழல்களைக் கட்டிப் பிடிக்கும். இறக்கையை அசைக்காமல், பறக்கும் தசையை மட்டும் அதிரவிட்டு ‘ர்ர்ர்’ என்று ஒரு சத்தம் கொடுக்கும். குழல் நுனியிலுள்ள சின்னத் துளை வழியாக மகரந்தம் கொட்டி அதன் வயிற்றில் அப்பிக்கொள்ளும். தக்காளிக்கும் ஆவாரைக்கும் இதே கதைதான். பெட்டித் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது. ஆகவே, ஒரு தேனீப் பெட்டி வாங்கி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம்.

மருந்து அடிப்பதில்தான் பெரிய தவறு நடக்கிறது. பூ விரிந்திருக்கும் காலை நேரத்தில் அடிக்காதீர்கள் என்று சொன்னால், ‘சாயங்காலம்தான் அடிக்கிறேன்’ என்பார்கள். நல்லதுதான். ஆனால் இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவிப் பாயும் மருந்துகள் செடிக்குள்ளேயே ஏறி, மகரந்தம்வரை போய்விடும். எந்த நேரத்தில் அடித்தாலும் வண்டுக்கு அது போய்ச் சேரும். இந்த மருந்தைத் திறந்தவெளிப் பயிர்களுக்குப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் தடை போட்டது. கத்தரியில் தண்டுப்புழு கண்டால் வாடிய நுனிகளைக் கிள்ளி அழித்துவிட்டு, பெண் அந்துப்பூச்சியின் வாசனையைக் காட்டி ஆணை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். மருந்துக்கு அப்புறம் போகலாம்.

பழைய வீட்டுக்காரர்களுக்கு வேறு கவலை. கொட்டகைக் கட்டையில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை, கீழே மரத்தூள். உடனே மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள், இல்லாவிட்டால் சிமெண்டு வைத்து அடைப்பார்கள். கருவண்டு கரையான் போல மரத்தைத் தின்பதில்லை. உள்ளே அறை அறையாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு மகரந்த உருண்டையும் ஒரு முட்டையும் வைக்கிறது. ஓட்டையை அடைத்தால் குஞ்சுகள் உள்ளேயே செத்துப்போகும். பூச்சு இல்லாத மரத்தைத்தான் அது பெரும்பாலும் தேடும் என்பதால், காக்க வேண்டிய உத்தரத்துக்கு வார்னிஷோ பெயிண்டோ அடித்துவிடலாம். தோட்டத்து ஓரத்தில் காய்ந்த மூங்கிலைக் கட்டித் தொங்கவிட்டால் அங்கே போய்க் குடியேற வாய்ப்புண்டு. முகத்துக்கு நேரே வந்து ரீங்காரமிட்டு மிரட்டுவது பெரும்பாலும் ஆண் வண்டு. அதற்குக் கொடுக்கே கிடையாது. பெண் வண்டு கையில் பிடித்து நசுக்கினால்தான் கொட்டும்.

மனை போடுவதற்காக ஆவாரம் புதரை வேரோடு வாரித் தள்ளுவது என்னை மிகவும் வருத்துகிறது. மழையில்லாத மாதங்களிலும் பூத்து நிற்கும் செடி அது. வேலியோரம் நாலு ஆவாரையை விட்டுவைப்பதால் எந்த மனையும் குறுகிவிடாது. பட்டுப்போன கிளைகளை அடுப்புக்கு எடுக்கும்போதும் வட்ட ஓட்டை இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். இருந்தால் அந்தக் கட்டையை மட்டும் மழை படாத இடத்தில் ஒதுக்கி வையுங்கள்.