ஃபர்ம்வேர் கற்பவருக்கு முதல் பாடம்: ரெஜிஸ்டர் வழியே ஓர் எல்இடி

ஃபர்ம்வேர் (சிப்புக்குள் நேரடியாக ஓடும் நிரல்) எழுதக் கற்க விரும்புவோர் பலரும் ஆர்டுயினோவில் தொடங்கி, ஆயத்த லைப்ரரிகளை ஒட்டவைத்துப் பல புராஜெக்டுகளை முடித்த பின்னரும், சிப்புக்குள் நடப்பதை அறியாமலே இருந்துவிடுகிறார்கள். அதே மலிவான போர்டைக் கொண்டே தொடக்கத்திலேயே ரெஜிஸ்டர் (சிப்பின் செயலைக் கட்டுப்படுத்தும் உள் நினைவிடம்) அளவில் பழகிவிடலாம். அடிப்படை சி மொழி தெரிந்திருந்தால் போதும்.

ஆர்டுயினோ ஊனோ அல்லது அதன் நகல் போர்டு ஒன்றை வாங்குங்கள். அதிலுள்ள ஏடிமெகா328பி சிப்பில் 32 கேபி ஃபிளாஷும் 2 கேபி ரேமும் உள்ளன. கிளாக் 16 மெகாஹெர்ட்ஸ். நகல் போர்டுகள் பலவற்றில் சிஎச்340 என்ற யுஎஸ்பி சிப் இருப்பதால், கணினியில் போர்ட் தெரியாவிட்டால் அதற்கான டிரைவரை நிறுவுங்கள். அதன் பிறகும் தெரியாவிட்டால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்களில் டேட்டா செல்லாது. சிப்பின் டேட்டாஷீட்டையும் (தயாரிப்பாளர் தரும் விவர ஆவணம்) இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இனி அதுவே பாடநூல்.

முதலில் ஆர்டுயினோ மென்பொருளிலேயே உள்ள, எல்இடியைச் சிமிட்டவைக்கும் ‘பிளிங்க்’ உதாரணத்தை ஏற்றி, போர்டு வேலை செய்கிறதா என்று உறுதிசெய்து, கம்பைல் ஆனதும் காட்டப்படும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அது ஏறத்தாழ 900 பைட் இருக்கும்.

அடுத்து ‘செட்டப்’, ‘லூப்’ இரண்டையும் நீக்கிவிட்டு ‘மெயின்’ ஃபங்ஷனை நீங்களே எழுதுங்கள். போர்டிலுள்ள எல்இடி இணைந்திருக்கும், 13 என்று அச்சிடப்பட்ட ‘பின்’ (இணைப்பு முனை), சிப்பில் போர்ட் பி என்ற முனைத் தொகுதியின் 5-ஆம் பிட் ஆகும். டிடிஆர்பி ரெஜிஸ்டரில் அந்தப் பிட்டை 1 ஆக்கினால் அந்த முனை அவுட்புட்டாக மாறும். போர்ட்பி ரெஜிஸ்டரில் அதே பிட்டை 1 ஆக்கினால் எல்இடி எரியும், 0 ஆக்கினால் அணையும். பிட்டை 1 ஆக்கும்போது, 1-ஐ ஐந்து இடம் இடப்பக்கம் நகர்த்தி ‘|=’ குறியால் சேர்க்க வேண்டுமே தவிர, வெறும் ‘=’ இடக்கூடாது; இட்டால் மற்ற ஏழு பிட்டுகளும் 0 ஆகிவிடும். உள்ளீட்டைப் படிப்பதற்கான பின்பி ரெஜிஸ்டரில் அதே பிட்டில் 1 எழுதினால், அவுட்புட் தானே தலைகீழாக மாறும் என்பது டேட்டாஷீட்டைப் படிப்பவருக்குக் கிடைக்கும் சிறு பரிசு. இப்போது அளவைப் பாருங்கள். முன்னதில் கால் பங்கைக்கூட எட்டியிருக்காது.

எரிவதற்கும் அணைவதற்கும் இடையே காத்திருக்க வைக்கும் ‘டிலே’ ஓடும் நேரமெல்லாம் சிப் வேறு வேலையின்றிச் சுழன்றுகொண்டிருக்கும். ஆகவே அந்தப் பொறுப்பை, சிப்பிலேயே உள்ள எண்ணியான டைமர்1-இடம் ஒப்படைப்போம். 16 மெகாஹெர்ட்ஸை 1024-ஆல் வகுத்தால் வினாடிக்கு 15,625 துடிப்புகள் கிடைக்கும். எண்ணிக்கை 0-இலிருந்து தொடங்குவதால், ஓசிஆர்1ஏ ரெஜிஸ்டரில் 15,624 என்று எழுத வேண்டும். டைமரை, அந்த எண்ணை எட்டியதும் 0-க்குத் திரும்பும் சிடிசி முறையில் வைத்து, எட்டும்போது எழும் கம்பேர் இன்டரப்டை (ஓடும் வேலையை இடைநிறுத்தும் சமிக்ஞை) இயக்கி, இறுதியில் பொது இன்டரப்டையும் அனுமதித்தால் வினாடிக்கு ஒருமுறை உங்கள் இன்டரப்ட் ஃபங்ஷன் அழைக்கப்படும்.

அந்த ஃபங்ஷனுக்குள் ஒரு மாறியை 1 ஆக்கி, மெயினில் அதைப் பார்த்து எல்இடியை மாற்றுமாறு எழுதுங்கள். மாறியை ‘வோலடைல்’ என்று அறிவிக்காவிட்டால், மெயினில் அதை மாற்றுபவர் எவருமில்லை என்று கம்பைலர் முடிவுசெய்து, அதன் மதிப்பை மீண்டும் படிக்காமலே காத்திருப்பு வளையத்தை முடிவின்றி ஓடவிட்டுவிடக்கூடும். எல்இடி அசையாது, பிழைச் செய்தியும் வராது. தொடக்கநிலையினர் ஒயரையும் போர்டையும் சந்தேகித்து மணிக்கணக்கில் தவிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அந்தச் சொல்லை வேண்டுமென்றே நீக்கி ஒருமுறை ஏற்றிப் பாருங்கள்.

பட்டன் சேர்ப்பது எளிது. டிடிஆர் பிட்டை 0 ஆகவும் போர்ட் பிட்டை 1 ஆகவும் வைத்தால் சிப்பின் உட்புற புல்அப் (பட்டன் அழுத்தாதபோது பின்னை 1 நிலையில் வைக்கும் மின்தடை) இயங்கும்; பட்டனின் மறுமுனையைக் கிரவுண்டில் இணைத்து, ஓர் அழுத்தம் பலவாகப் பதிவாகாதிருக்க 20 மில்லிவினாடி கழித்து மறுபடி படியுங்கள்.

இதன் பிறகு, 2021-இல் 4 டாலர் விலையில் வெளிவந்த ராஸ்பெரி பை பிக்கோ போர்டுக்கு மாறலாம். ஊனோவின் பின்கள் 5 வோல்ட்டில் இயங்குபவை, பிக்கோவின் பின்களோ 3.3 வோல்ட்டுக்கானவை என்பதால், இரண்டையும் நேரடியாக இணைக்க வேண்டாம்.