பருத்திப் புடவையில் உங்களுக்கான பாணியைக் கண்டுபிடிப்பது எப்படி?

வேலைக்குப் புடவை கட்டிப் போக ஆசைப்படும் பெண்கள் முதலில் கேட்பது, "எனக்கு எது எடுப்பாக இருக்கும்?" என்பதுதான். கடைக்காரரோ தோழியோ சொல்லும் பதில் அவரவர் ரசனையைத்தான் காட்டும். உங்கள் ரசனைக்கான தடயங்கள் உங்கள் அலமாரியிலேயே கிடக்கின்றன. தமிழ்நாட்டுக் கைத்தறிப் பருத்திப் புடவைகளை வைத்து அதைத் தேடிப் பார்ப்போம். நம் வெயிலுக்கு அவைதான் பொருத்தம், வகைகளும் ஏராளம்.

படி 1: அலமாரியைக் காலி செய்யுங்கள்

புடவை, சுடிதார், குர்த்தி என எல்லாவற்றையும் கட்டிலில் போடுங்கள். அடிக்கடி உடுத்துபவை ஒரு பக்கம், மடிப்புக் கலையாமல் கிடப்பவை இன்னொரு பக்கம். முதல் குவியலில் எந்த நிறம் திரும்பத் திரும்ப வருகிறது? கட்டமா, கோடா, வடிவமே இல்லாத வெற்றுத் துணியா? துணி கனமா, மெல்லியதா? தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது குவியல்தான் அதிகம் கற்றுத்தரும். ஒவ்வொன்றையும் ஏன் உடுத்தவில்லை என்று எழுதுங்கள். 'குத்துகிறது', 'கொசுவம் நிற்பதில்லை', 'கூச்சமாக இருக்கிறது' என்று காரணம் திட்டமாக இருக்கட்டும். 'பிடிக்கவில்லை' என்று மட்டும் எழுதினால் அடுத்த புடவை வாங்கும்போது அது உதவாது.

படி 2: கனத்தை முடிவு செய்யுங்கள்

பலர் நிறத்திலிருந்து தொடங்குகிறார்கள். நான் கனத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். புடவை உடலில் எப்படி விழுகிறது, எத்தனை மணி நேரம் அலுக்காமல் கட்டியிருக்க முடிகிறது என்பதெல்லாம் அதைப் பொறுத்தவை. நெசவாளர்கள் நூலை 60, 80, 100 என்று நம்பர் சொல்லிக் குறிப்பிடுவார்கள். எண் கூடக்கூட நூல் மெல்லியதாகும்.

காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கி கனமானது. அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு என்று அழுத்தமான நிறங்கள், பெரிய கட்டங்கள், அகலமான கரை. 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. கொசுவம் மடித்த இடத்தில் அப்படியே நிற்கும் என்பதால் புதிதாகக் கட்டுபவர்களுக்கு இது நல்ல தொடக்கம். மதுரைச் சுங்குடி இதற்கு நேர்மாறு. மெல்லியது, இளகிய துணி, உடலோடு ஒட்டி விழும். துணியில் சிறு சிறு முடிச்சுகள் போட்டுச் சாயத்தில் தோய்ப்பதால் புள்ளிகள் வரும். மதுரைச் சௌராஷ்டிரர்கள் வளர்த்த கலை இது. இப்போது அச்சிட்ட சுங்குடியும் நிறையக் கிடைக்கிறது, விலையும் குறைவு. ஆனால் முடிச்சுப் புள்ளியின் ஒழுங்கற்ற அழகு அச்சில் வராது. கோவைக் கோரா பருத்தியில் பட்டு நூலும் கலந்திருப்பதால் மெல்லிய பளபளப்பு உண்டு. அலுவலகத்தில் விழா என்றால் அது போதும், பட்டு தேவையில்லை.

1935 முதல் இயங்கும் கோ-ஆப்டெக்ஸ் போன்ற கடைக்குப் போய் இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுப் பாருங்கள். அன்று வாங்கவே வேண்டாம்.

படி 3: கரையும் நிறமும்

உயரம் குறைந்தவர்கள் அகலக் கரை கட்டக் கூடாது என்பார்கள். நான் அதை ஏற்பதில்லை. புடவையைத் தோளில் போட்டு முழு உயரக் கண்ணாடியில் பாருங்கள். கண் முகத்துக்குப் போகிறதென்றால் அந்தக் கரை உங்களுக்கு உரியது. கரையிலேயே தங்கிவிட்டால் அடுத்ததைப் பாருங்கள்.

நிறத்தைக் கடையின் விளக்கொளியில் முடிவு செய்யாதீர்கள். வாசலுக்கு எடுத்து வந்து, பகல் வெளிச்சத்தில் முகத்தருகே பிடித்துப் பாருங்கள். 'பச்சை' என்று கேட்டால் ஐம்பது புடவையை விரிப்பார்கள். கிளிப்பச்சையா, இலைப்பச்சையா, மயில்கழுத்தா என்று கேளுங்கள். வெங்காயத்தோல் நிறம், மாந்தளிர், வாடாமல்லி, எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் எம்.எஸ். நீலம் என்று நம்மிடம் நுணுக்கமான பெயர்கள் இருக்கின்றன. சிவப்பு பொருந்தாது என்று ஒதுங்கியிருக்கும் பலருக்கு அரக்கு அருமையாகப் பொருந்துவதைப் பார்த்திருக்கிறேன்.

படி 4: ஒன்றே ஒன்று வாங்குங்கள்

கைத்தறிதானா என்று பார்க்க, கரையின் விளிம்பைக் கவனியுங்கள். நெய்யும்போது துணியை அகலமாக இழுத்துப் பிடிக்கும் கம்பியின் முனை பட்டு, இரு ஓரங்களிலும் சிறு துளைகள் விழுந்திருக்கும். கைத்தறி முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முதல் முறை தனியாக, கல் உப்புப் போட்ட குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். பிறகு ஒரு முழு வேலைநாள் கட்டுங்கள். பஸ்ஸில் ஏறி, படிக்கட்டில் இறங்கி, சாப்பிட்டு, மாலை வரை. எந்த இடத்தை அடிக்கடி சரிசெய்தீர்கள் என்று தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். துணி துவண்டு விழுந்தால் அடுத்த முறை மெல்லிய கஞ்சி போடுங்கள். உப்பிக்கொண்டு நின்றால் கஞ்சியே வேண்டாம்.

படி 5: ரவிக்கை

புடவைக்கு ஏற்ற நிறத்தில் ரவிக்கை தைத்தே தீர வேண்டியதில்லை. கறுப்பு, அரக்கு, கலம்காரி அச்சு என மூன்று இருந்தால் பெரும்பாலான பருத்திப் புடவைகளுக்குச் சரியாக வரும். கழுத்தும் கை நீளமும் உங்களுக்கு வசதியான அளவில் எப்போதும் ஒன்றாகவே இருக்கட்டும். துணியையும் லைனிங்கையும் நனைத்து உலர்த்திய பிறகே தையற்காரரிடம் கொடுங்கள், இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே சுருங்கிப் பிடிக்கும்.

இரண்டாவது புடவை வாங்கும்போது ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கண்டாங்கியின் கனமும் கட்டமும் பிடித்து நிறம் மட்டும் உறுத்தினால், அதே கனத்தில், அதே கட்டத்தில் வேறு நிறம் கேளுங்கள்.