டெக்சஸ் ரசீதில் அந்த எட்டேகால் எங்கே போகிறது?

டாலஸ், ஹூஸ்டன் பக்கம் புதிதாக வந்து இறங்கியவர்கள் முதல் வாரமே கவனிக்கிற விஷயம் இது: அலமாரியில் ஒட்டியிருக்கும் விலை ஒன்று, கல்லாவில் கேட்கும் தொகை வேறு. நம் ஊரில் எம்.ஆர்.பி. என்றால் வரியும் அதற்குள் அடக்கம். இங்கே விற்பனை வரி கடைசியில்தான் சேரும். 40 டாலர் குக்கருக்கு 43 டாலர் 30 சென்ட் கொடுக்க வேண்டும். மெத்தை, மேசை, பாத்திரம் என்று வீடு நிரப்பும் முதல் மாதத்தில் நூற்றுக்கு எட்டேகால் கூட்டியே கணக்குப் போடுங்கள்.

அரிசி, பருப்பு, மாவு, பால், காய்கறி, உறைந்த பரோட்டா எதற்கும் வரி இல்லை. மருந்துக்கும் இல்லை. கோக், மிட்டாய்க்கு உண்டு. சூடாக விற்கும் சமோசாவுக்கும் ஓட்டல் சாப்பாட்டுக்கும் உண்டு. ஓட்டலில் டிப்ஸ் கணக்கிடும்போது வரிக்கு முந்தைய தொகையை எடுத்துக்கொண்டால் போதும். பிள்ளைகளின் துணிமணி, பள்ளிப் பைகளை ஆகஸ்ட்டில் வரும் வரிவிலக்கு வார இறுதிக்குத் தள்ளிப்போடுங்கள். 100 டாலருக்குக் குறைந்த பொருள்களுக்கு அப்போது வரி கிடையாது. கார் வாங்கினால் மாநிலத்தின் 6.25 மட்டும்தான், உள்ளூர் வரி சேராது. டீலர் எட்டேகால் போட்டால் கேளுங்கள்.

இனி அந்த எட்டேகாலைப் பிரிப்போம். ஆறேகால் ஆஸ்டினுக்கு, அதாவது மாநில அரசுக்கு. மீதி இரண்டுதான் உள்ளூர்ப் பங்கு. சட்டம் அதற்கு மேல் போக விடாது. இந்த இரண்டை எதற்குச் செலவிடுவது என்று ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு விதமாக முடிவு செய்திருக்கிறது. வீடு பார்க்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன்.

டாலஸை அடுத்த பிளேனோவில் ஒன்று நகராட்சிக்கு, இன்னொன்று டார்ட்டுக்கு. டார்ட் என்பது டாலஸ் வட்டாரத்தின் ரயில், பஸ் சேவை. ரிச்சர்ட்சன், இர்விங்கிலும் அப்படித்தான். ஃபிரிஸ்கோவில் ஒன்று நகராட்சிக்குப் போக, அரை பொருளாதார வளர்ச்சிக் கழகத்துக்கும் அரை சமூக வளர்ச்சிக் கழகத்துக்கும் போகிறது. ஆலனும் மெக்கின்னியும் இதே வழி. நிறுவனங்களை ஊருக்கு இழுப்பது, பூங்கா, விளையாட்டு அரங்கம் கட்டுவது எல்லாம் அந்தப் பணத்தில்தான். அலுவலகங்கள் அந்தப் பக்கம் குவிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் இரண்டும் அதிலேயே தீர்ந்துவிட்டதால் டார்ட்டுக்குக் கொடுக்க எதுவும் மிச்சமில்லை. ஃபிரிஸ்கோவில் டார்ட் ரயில் நிலையம் ஒன்றுகூட இல்லை.

காரும் லைசென்சும் கைக்கு வராத முதல் சில மாதங்களுக்கு இது பெரிய விஷயம். பகலில் துணையில்லாமல் வீட்டில் இருக்கும் மனைவிக்கோ கணவருக்கோ, பேரக்குழந்தையைப் பார்க்க வந்த அம்மா அப்பாவுக்கோ ரயில் நிலையம் நடக்கிற தூரத்தில் இருந்தால் அந்த நாள்களே வேறு மாதிரி இருக்கும். பள்ளி மதிப்பெண்ணை மட்டும் பார்த்து அபார்ட்மென்டுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். இர்விங்கிலிருந்து டார்ட்டின் ஆரஞ்சு லைன் ரயிலில் நேரே விமான நிலையம் போய்விடலாம். டார்ட்டிலிருந்து விலகலாமா என்ற பேச்சு அண்மையில் சில நகர மன்றங்களில் எழுந்தது. காரணம் இதே ஒரு சதவீதம்தான். ஆகவே இன்றைய நிலை என்னவென்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹூஸ்டன் பக்கம் கதை வேறு. ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) நம்மவர்கள் குடியேறும் புதிய குடியிருப்புகள் பல எந்த நகராட்சிக்குள்ளும் இல்லை. அஞ்சல் முகவரியில் ரிச்மண்ட் என்றோ கேட்டி என்றோ இருக்கும், நகர எல்லை அதற்கு முன்பே முடிந்திருக்கும். நகரம் இல்லாத இடத்தில் உள்ளூர் வரி ஏன் என்று கேட்பீர்கள். அங்கே கவுண்டி அசிஸ்டன்ஸ் டிஸ்ட்ரிக்ட் என்று எல்லை வகுத்து, அதற்குள் இருக்கும் கடைகளில் கவுண்டி நிர்வாகம் வரி வசூலிக்கிறது. சாலை, காவல், தீயணைப்பு, நூலகம், பூங்கா, பொருளாதார வளர்ச்சி ஆகியவற்றுக்கு அதைச் செலவிடலாம் என்று சட்டம் சொல்கிறது. மக்கள்தொகை குறைந்த கவுண்டிகளில், தொழிலையும் சுற்றுலாவையும் வளர்க்கவென்றே கவுண்டி டெவலப்மென்ட் டிஸ்ட்ரிக்ட் என்ற வேறொரு ஏற்பாடும் உண்டு. வீடு வாங்கும்போது காதில் விழும் ‘மட்’ (குடிநீர், கழிவுநீர் வசதிக்கான அமைப்பு) வரியை இவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சொத்து வரியோடு வருவது.

எல்லைக் கோடு தெருவுக்குத் தெரு மாறும். ஒரே ஜிப் கோடுக்குள் இரண்டு விகிதம் இருக்கலாம். மாநிலத்தின் வரி வசூலைக் கவனிக்கும் காம்ப்ட்ரோலரின் இணையதளத்தில் கடையின் முழு முகவரியைக் கொடுத்தால் எந்த அமைப்புக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். வீட்டிலிருந்து சின்னதாக வியாபாரம் தொடங்குபவர்கள் இதைப் பார்க்காமல் விகிதம் போடவே கூடாது. குறைவாக வசூலித்தால் மீதியை நீங்கள்தான் கையிலிருந்து கட்ட வேண்டும். ஆன்லைன் ரசீதில் 8 மட்டும் இருந்தால் தவறு என்று நினைக்காதீர்கள். வெளிமாநில விற்பனையாளர்கள் உள்ளூர்ப் பங்காக ஒரே சீரான 1.75 வசூலிக்க அனுமதி உண்டு.

இந்த உள்ளூர் வரிகள் பெரும்பாலும் மக்கள் வாக்களித்தால்தான் நடைமுறைக்கு வரும். பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதும் சில நேரம் வாக்குச்சீட்டுக்கு வரும். 2025 மே மாதம் ஃபிரிஸ்கோவில் கலையரங்கம் கட்டும் திட்டம் அப்படி வந்து, மக்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவருக்கு ஓட்டு இல்லை, ஆனால் இந்தக் கழகங்களின் கூட்டங்கள் எல்லோருக்கும் திறந்தவை. தைரியமாகப் போய் உட்காருங்கள். நாம் கட்டும் பணம்தான் அங்கே பேசப்படுகிறது.

ஒன்றில் மட்டும் மிக மிகக் கவனம் தேவை. டிரைவிங் லைசென்ஸ் விண்ணப்பத்தில் வாக்காளராகப் பதிய விருப்பமா என்று ஒரு கேள்வி இருக்கும். குடியுரிமை வாங்கும் வரை அதில் ‘இல்லை’ என்றே குறியுங்கள். கவுன்டரில் இருப்பவர் வாய்மொழியாகக் கேட்டாலும் அதே பதில்தான். தெரியாமல் ‘ஆம்’ போட்டிருந்தால் சும்மா இருக்காதீர்கள். குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் உடனே பேசுங்கள், குடியுரிமை மனு போடுவதற்கு முன்பே.